கட்டணத்தை உயர்த்துவது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொதுக்கொள்கையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டண முடிவில் யாருக்கெல்லாம் செல்வாக்கு இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். மாணவர், பெற்றோர், பேராசிரியர், துணைவேந்தர், ஆட்சிக்குழு, கல்வித்துறை, நிதித்துறை, வங்கிகள், முன்னாள் மாணவர், வேலை தரும் நிறுவனங்கள், ஊடகம் என்று பதினொரு தரப்புகளை வரிசைப்படுத்தினேன். ஒவ்வொரு தரப்புக்கும் அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு, பாடத்தில் சொன்னபடி நான்கு கட்டங்களில் அடைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார்: "எல்லோரும் இருக்கிறார்கள், முடிவு எங்கே?"

என் அறைத்தோழியோ, "பணம் யார் கையிலோ முடிவும் அவர்கள் கையில்தான். இதற்குப் போய் எதற்கு இத்தனை கட்டம்?" என்கிறாள். அவள் சொல்வதும் சரியென்றே படுகிறது. நான் எங்கே தவறினேன் என்று சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் ஆசிரியரை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே வரியில் இவ்வளவு சரியாகத் திருத்துபவர்கள் குறைவு.

நீங்கள் போட்ட மதிப்பெண்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள். நிதித்துறைக்கு ஐந்து, பெற்றோருக்கு இரண்டு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பொதுவாக நமக்கிருக்கும் ஊகத்தை வைத்துத்தான். அந்த ஊகத்தைக் கட்டத்தில் எழுதுகிறோம், அப்புறம் கட்டத்தைப் பார்த்து அதையே ஆய்வின் முடிவாக வாசிக்கிறோம். போட்ட காசையே திருப்பி எடுத்துவிட்டு லாபம் என்று சொல்வது போலத்தான் இது. செல்வாக்கு என்பது ஒருவர் பையில் எப்போதும் இருக்கும் பொருளல்ல. ஒரு குறிப்பிட்ட முடிவு நடந்து வந்த வழியில், எந்தத் திருப்பத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் அது. எனவே முதலில் முடிவு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பிறந்த நாளிலிருந்து பின்தொடருங்கள்.

நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் உதாரணம் இங்கிலாந்து. 2010 டிசம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவையில், கல்விக் கட்டணத்தின் உச்சவரம்பை ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் 323க்கு 302 என்ற கணக்கில் நிறைவேறியது. வெளியே மாணவர்கள் பெருந்திரளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் படம் எளிமையானது: கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகளின் ஆளுங்கூட்டணி ஒரு பக்கம், மாணவர்கள் மறுபக்கம், கூட்டணி வென்றது. உங்கள் கட்டத்தில் போட்டால் அரசுக்கு ஐந்து, மாணவர்களுக்கு இரண்டு வரும்.

ஆனால் ஐம்பது நாள் பின்னால் போங்கள். அக்டோபர் 20ஆம் தேதி அரசின் செலவுத் திட்டம் வெளியானது. அதிலேயே ஆராய்ச்சி நீங்கலான உயர்கல்வி ஒதுக்கீட்டை 710 கோடி பவுண்டிலிருந்து 420 கோடியாகக் குறைப்பது என்று அறிவித்துவிட்டார்கள். அடி அங்கேயே விழுந்துவிட்டது. டிசம்பரில் வாக்களித்த உறுப்பினர் முன்னால் இருந்த கேள்வி "கட்டணத்தை உயர்த்தலாமா" என்பதல்ல, "பல்கலைக்கழகங்களில் விழுந்துவிட்ட ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது" என்பது. கேள்வியை மாற்றியவர்கள் நிதியமைச்சகத்தார். வாக்கெடுப்பன்று அவர்கள் வாயே திறந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் எட்டு நாள் பின்னால் போனால், அக்டோபர் 12ஆம் தேதி பிரௌன் பிரபு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. உச்சவரம்பையே எடுத்துவிடலாம் என்றது அந்த அறிக்கை. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 9,000 என்பது ஏதோ சமரசம் போலத் தெரிந்தது. அந்தக் குழுவை அமைத்தது யார்? 2009 நவம்பரில் அப்போது ஆண்ட தொழிற்கட்சி. 2010 மே தேர்தல் முடிந்த பிறகே அறிக்கை வரும்படி காலம் குறித்திருந்தார்கள், அன்றைய எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியும் அதற்கு ஒத்துக்கொண்டது. இரண்டு பெரிய கட்சிகளும் தேர்தல் மேடையில் இதைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொண்டன. தேதி குறிப்பவரின் செல்வாக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இது முதல் முறையும் அல்ல. கட்டணத்துக்கே வழிதிறந்த டியரிங் குழுவும் 1996இல் அமைக்கப்பட்டு, 1997 தேர்தலுக்குப் பிறகு அறிக்கை தந்ததுதான். 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் வந்தது.

நடுவில் 2004. தொழிற்கட்சி 2001 தேர்தல் அறிக்கையில், கூடுதல் கட்டணம் கொண்டுவர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 3,000 பவுண்டு வரை வசூலிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. 160க்கும் மேல் பெரும்பான்மையோடு வென்று வந்த அரசு, அந்த ஜனவரி 27ஆம் தேதி வெறும் 5 வாக்கில்தான் தப்பியது. சொந்தக் கட்சிக் கலகக்காரர்களைச் சமாதானப்படுத்த அரசு பல சலுகைகள் தந்தது. அவற்றில் ஒன்று, மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பின் தனிக்குழு வைத்து எல்லாவற்றையும் மறு ஆய்வு செய்வோம் என்பது. அந்த வாக்குறுதியிலிருந்து பிறந்ததுதான் பிரௌன் குழு. கட்டணத்தைத் தடுக்க நின்றவர்கள் கேட்டு வாங்கிய சலுகையே, அதை மூன்று மடங்காக்கிய முடிவுக்கு வாசலாயிற்று. இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

அடுத்தது, உங்கள் பதினொன்றில் இல்லாத ஒரு தரப்பு: கணக்கு விதி. மானியமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அந்த ஆண்டே அரசுச் செலவாகி, பற்றாக்குறையில் ஏறிவிடும். அதே தொகையை மாணவர் கட்டணமாக்கி, அந்தக் கட்டணத்துக்கு அரசே கடன் கொடுத்தால், அன்றைய விதிப்படி அது பற்றாக்குறைக் கணக்கில் வராது. கடனில் கணிசமான பகுதி திரும்பாது, முப்பது ஆண்டுக்குப் பின் மிச்சம் தள்ளுபடியாகும் என்று அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் தாளில் அது கடன், செலவல்ல. பற்றாக்குறையைக் குறைத்தே தீருவோம் என்று சொல்லி வந்த அரசுக்கு இந்த விதி எவ்வளவு இனித்திருக்கும்! 2018 டிசம்பரில்தான் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், திரும்பாதென்று கணிக்கப்படும் பகுதியைத் தொடக்கத்திலேயே செலவாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. அரசியல்வாதிகள் பெயர் நமக்குத் தெரியும். அந்த விதியை வைத்திருந்தவர்கள், மாற்றியவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு மாணவர்மீது பகையும் இல்லை, பாசமும் இல்லை. அக்கறை என்ற அச்சில் அவர்களுக்குச் சைபர்தான் போட முடியும்.

முடிவு நாடாளுமன்றத்தோடு நிற்கவும் இல்லை. 9,000 என்பது விதிவிலக்கான நிலையில் மட்டும்தான் என்று அரசு சொல்லியிருந்தது. 2012இல் கதவு திறந்தபோது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உச்சவரம்புக்கோ அதை ஒட்டியோ போய் நின்றன. மானியம் போனது ஒரு காரணம். குறைவாகக் கேட்டால் "நம் படிப்பு மட்டம் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும்" என்ற பயம் இன்னொரு காரணம். அதாவது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கட்டணத்தையும் பக்கத்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்தே முடிவு செய்தது. போட்டியாளரை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாணவர்கள்? "அக்கறை அதிகம், அதிகாரம் குறைவு" என்ற கட்டத்தில் அவர்களைப் போட்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தில் மாணவர் சங்கம் தேர்தலுக்கு முன்பே லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்களிடம், கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று கையெழுத்து வாங்கியிருந்தது. கட்சித் தலைவர் நிக் கிளெக்கும் கையெழுத்திட்டார், பிறகு பல்கலைக்கழகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராகி அந்த உயர்வையே கொண்டுவந்த வின்ஸ் கேபிளும் கையெழுத்திட்டார். கூட்டணியில் சேர்ந்த பிறகு, வாக்கெடுப்பில் கட்சி பிளவுபட்டது. 21 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், போதவில்லை. 2015 தேர்தலில் அந்தக் கட்சி 57 இடங்களிலிருந்து 8க்கு விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் கட்டணம் மட்டுமல்ல, ஆனால் அந்தக் கையெழுத்தைத் தேர்தல் முழுக்க யாரும் மறக்கவிடவில்லை. ஆக மாணவர்களிடம் பலம் இருந்தது. அது வேலை செய்யும் நாளும் முடிவின் நாளும் வேறுவேறாக இருந்தன, அவ்வளவுதான்.

இரண்டு நாளும் ஒட்டி வந்த இடம் கியூபெக். கனடாவின் அந்த மாகாணத்தில் ஆண்டுக் கட்டணத்தை 2,168 டாலரிலிருந்து ஐந்தாண்டில் 3,793 டாலராக்க அரசு திட்டமிட்டது. 2012 பிப்ரவரியில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. மே மாதம் கல்வியமைச்சர் பதவி விலகினார், போராட்டத்தைக் கட்டுப்படுத்தச் சிறப்புச் சட்டமும் வந்தது. செப்டம்பர் 4ஆம் தேதி தேர்தலில் அரசே போனது. புதிய அரசு உயர்வை ரத்து செய்துவிட்டு, அடுத்த ஆண்டு சிறு ஆண்டு உயர்வோடு நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்து மாணவர்களைவிட அவர்கள் துணிச்சல்காரர்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. இரண்டு ஆண்டுக்குள் தேர்தலைச் சந்திக்க வேண்டிய அரசு எதிரே இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் கட்டணம் நிர்ணயிப்பது அந்தந்தப் பல்கலைக்கழக மன்றத்தின் அதிகாரம். 2015 அக்டோபரில் விட்ஸ் பல்கலைக்கழகம் 10.5 சதவீத உயர்வை அறிவித்ததும் போராட்டம் வெடித்து நாடெங்கும் பரவியது. ஒன்பதே நாளில், 23ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஜூமா அடுத்த ஆண்டுக்கு உயர்வே கிடையாது என்று அறிவித்தார். காகிதத்தில் அது அவர் முடிவே அல்ல. 2017இல் நடந்தது இன்னும் சுவையானது. இலவசக் கல்வி சாத்தியமா என்று ஆராய்ந்த ஹெஹர் ஆணையம் கடன் வழியைப் பரிந்துரைத்தது. ஜூமா அதை ஒதுக்கிவிட்டு, ஏழை, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்று டிசம்பர் 16ஆம் தேதி அறிவித்தார். அன்றுதான் அவருடைய கட்சியின் தேசிய மாநாடு தொடங்கியது. பொருளாதார வாதத்தை மட்டும் வாசிப்பவருக்கு அந்தத் தேதி ஏன் என்று புரியவே புரியாது.

ஜெர்மனிக் கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். 2005இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒன்றிய அரசின் கட்டணத் தடையை நீக்கியது, ஏழு மாநிலங்கள் கட்டணம் கொண்டுவந்தன, 2014க்குள் எல்லா இடத்திலும் போய்விட்டது. நீதிமன்றம் கதவைத் திறந்தது, மாநிலத் தேர்தல்கள் மூடின. பவேரியாவில் மட்டும் மக்களே கையெழுத்துப் போட்டு மூடவைத்தார்கள்.

இனி உங்கள் தோழி. அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் இதே சண்டை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்த ராபர்ட் டால், "பணக்காரர்கள்தான் ஆள்கிறார்கள் என்று சொன்னால் போதாது, குறிப்பிட்ட முடிவுகளை எடுத்துக்கொண்டு யார் எண்ணம் நிறைவேறியது என்று காட்டு" என்ற வகையில் 1961இல் வாதிட்டார். மறு ஆண்டே பேக்ரக், பேரட்ஸ் என்ற இருவர் அதற்கு மறுப்பு எழுதினார்கள்: மேசைக்கு வராமலேயே தடுக்கப்பட்ட விஷயங்களை எப்படிக் காட்டுவாய்? இந்த இரண்டு பக்கமும் எனக்குச் சாய்வு உண்டு. பணம் வைத்திருப்பவரின் பலம் வாக்கெடுப்பில் தெரிவது அபூர்வம், எது வாக்கெடுப்புக்கு வரும் என்பதில் தெரியும். ஆனால் அதையும் காட்டத்தான் வேண்டும், "எல்லாம் பணம்" என்று கை கழுவ முடியாது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: விளைவு ஒருவருக்குச் சாதகமாக வந்தது என்பதாலேயே அவர்தான் அதைச் செய்தார் என்று ஆகாது. மழை பெய்தால் குடைக்காரனுக்கு லாபம். மழையை அவன் வரவழைக்கவில்லை.

ஒரு சொந்த அனுபவம். ஒரு கல்வி நிறுவனத்தின் நிதிக் குழுவில் சிறிது காலம் வெளி உறுப்பினராக இருந்தேன். கட்டணம் பற்றிய கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஒரு தடித்த கோப்பு வந்தது. உள்ளே மூன்று யோசனைகள்: ஐந்து சதவீதம், எட்டு சதவீதம், பன்னிரண்டு சதவீதம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் காரசாரமாக விவாதித்து எட்டைத் தேர்ந்தெடுத்தோம். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது, சைபர் என்ற யோசனை பட்டியலிலேயே இல்லை. அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மூன்று எண்களைத் தட்டச்சு செய்த நிதிப்பிரிவு அலுவலர் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவருக்கு நான் எந்தக் கட்டத்திலும் இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆகவே பேட்டி எடுக்கப் போனால் "உங்களுக்குச் செல்வாக்கு உண்டா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். துணைவேந்தர் இல்லை என்பார், மாணவர் தலைவர் உண்டு என்பார், இரண்டாலும் பயனில்லை. "இந்த உயர்வு பற்றி முதன்முதலில் உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது? அன்று கையில் கிடைத்த தாளில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். பதில்களைத் தேதி வாரியாக அடுக்கினாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். முதல் வரைவையும் இறுதித் தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியது, யார் பேசிய பிறகு மாறியது என்று பாருங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு கிடைத்தால் விடாதீர்கள், வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி எழுதப்பட்டவை அவை. வேண்டாம் என்று சொல்லித் தடுத்திருக்கக் கூடியவர் யார், அவர் ஏன் தடுக்கவில்லை என்பதையும் தேடுங்கள்.

பட்டியலில் விட்டுப்போன இன்னொருவரும் உண்டு. இந்த உயர்வைக் கட்டப்போகும் மாணவர்களில் பெரும்பாலோர் இன்னும் பள்ளியில் இருக்கிறார்கள். போராடுகிறவர்கள் பலருக்குப் புதிய கட்டணம் பொருந்துவதே இல்லை, இங்கிலாந்தில் 2010இல் தெருவில் நின்ற கல்லூரி மாணவர்கள் பலர் பழைய கட்டணத்திலேயே படித்து முடித்தார்கள். பதினைந்து வயதுப் பையனைக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அவன் சார்பில் பேசுவதாக யார் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துவையுங்கள், பல சமயம் எதிரெதிர் அணிகள் இரண்டுமே சொல்லும்.

போட்ட கட்டத்தைக் கிழித்துவிட வேண்டாம். மதிப்பெண்களை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் தேதிகளை எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் இந்த முறை ஓரத்தில் என்ன எழுதுகிறார் என்று எனக்கும் தெரிவியுங்கள்.