பல சூப்பர்ஹீரோ உலகங்களை ஒரே கதையாக்குவது ஏன் இவ்வளவு கடினம்?

"பழைய கதையை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் முடிந்தது, இதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களைப் பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வந்தவர் என்று நினைக்கிறேன். முழுதாக அழிப்பது சுலபம்தான். பாதியை அழித்து மீதியை வைத்துக்கொண்டால்தான் வினை. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் செய்தது அதைத்தான்.

1985 வரை டிசியின் கதைகளில் பல பூமிகள், ஒவ்வொன்றும் தனி உலகம். 1940களின் நாயகர்கள் பூமி-2இல்; அன்றைய சூப்பர்மேன், பேட்மேன் பூமி-1இல். வேறு பதிப்பகங்களிலிருந்து வந்தவர்களுக்கும் தனித்தனிப் பூமி: ஃபாசெட்டின் கேப்டன் மார்வெலுக்கு (படங்களில் ஷசாமாக வருபவர்) பூமி-எஸ், சார்ல்டன் ஆட்களுக்கு பூமி-4. 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற 12 இதழ்த் தொடர் (1985–86) இதையெல்லாம் ஒரே பூமியாக்கியது. எழுத்து மார்வ் வுல்ஃப்மேன், ஓவியம் ஜார்ஜ் பெரெஸ்.   

அந்தத் தொடரை நான் குறை சொல்லவில்லை, ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கோளாறு அதற்குப் பிறகுதான். எல்லாத் தலைப்புகளும், அதாவது தனித்தனி காமிக்ஸ் தொடர்களும், ஒரே சமயத்தில் முதலிலிருந்து தொடங்கவில்லை. சூப்பர்மேன் 1986இலும் வொண்டர் வுமன் 1987இலும் புதிதாகத் தொடங்க, இளம் நாயகர்களின் அணியான டைட்டன்ஸும், எதிர்காலத்தில் நடக்கும் நாயகர் அணிக் கதையான லீஜனும் விட்ட இடத்திலிருந்தே ஓடின.

டோனா ட்ராயை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையாக இருந்தபோது எரியும் கட்டடத்திலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய பெண். வளர்ந்து வொண்டர் கேர்ளாகப் பல வருடம் டைட்டன்ஸில் இருந்தவள். புதிய கதைப்படி வொண்டர் வுமன் வெளியுலகுக்கு வருவதே இப்போதுதான். அப்படியானால் டோனாவைக் காப்பாற்றியது யார்? கிரேக்கப் புராண டைட்டன்கள் என்று 1988–89இல் மாற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் இன்னொரு பூர்வகதையை ஏற்றினார்கள். டிசியின் முக்கிய நாயகர் அணியான ஜஸ்டிஸ் லீகைத் தொடங்கியவர்களில் வொண்டர் வுமனின் இடமும் காலியானது. அங்கே பிளாக் கேனரி என்ற இன்னொரு நாயகியை உட்கார வைத்தார்கள்.

லீஜன் கதை இன்னும் மோசம். சூப்பர்மேனுக்கு ஜான் பைர்ன் எழுதிய புதிய வரலாற்றில் சூப்பர்பாய், அதாவது சிறுவயதிலேயே நாயகனான சூப்பர்மேன், இருந்ததே இல்லை. எதிர்காலத்து லீஜன் உருவானதோ அவனை முன்மாதிரியாகக் கொண்டு! 1987இல், டைம் டிராப்பர் என்ற வில்லன் உண்டாக்கிய குட்டிப் பிரபஞ்சத்திலிருந்து வந்தவன் அவன் என்று ஒட்டுப்போட்டு, அவனைச் சாகவும் வைத்தார்கள். அதுவும் தாங்கவில்லை, 1994இல் 'ஸீரோ அவர்' என்ற இன்னொரு தொடர் வந்து லீஜனையே முதலிலிருந்து தொடங்க வைத்தது.

இணைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தப் பாத்திரத்தின் பூர்வகதையில் கை வைத்தாலும், அதை நம்பி நிற்கும் மற்ற தலைப்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவை எல்லாவற்றையும் அதே மாதத்தில் திருத்த வேண்டும். தனித்தனி எடிட்டர்கள், தனித்தனி எழுத்தாளர்கள் இருக்கும் இடத்தில் இது நடப்பது அபூர்வம். பூமி-2இன் ஜே கேரிக் (1940களின் ஃப்ளாஷ்) மாதிரி ஆட்கள் சிக்கலில்லாமல் பொருந்தியதற்குக் காரணம், அவர்களை முந்தைய தலைமுறை ஆக்கினால் போதும், வேறு யார் கதையும் விழாது.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல், 2015–16இல் வந்த 'சீக்ரெட் வார்ஸ்' தொடரின் முடிவில், தன் தனி உலகமான அல்டிமேட் உலகத்திலிருந்து அங்கே ஸ்பைடர்மேனாக இருந்த மைல்ஸ் மொராலெஸையும் குடும்பத்தையும் முக்கிய உலகத்துக்குக் கொண்டுவந்து, அவன் எப்போதும் அங்கேயே இருந்ததாக ஊரார் நினைவையும் மாற்றிவிட்டது. அந்த உலகத்தின் மொத்த வரலாற்றையும் இழுத்துவரவில்லை. அதனால்தான் முக்கிய உலகத்து ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கரின் பழைய இதழ் எதையும் திருத்த வேண்டி வரவில்லை.