லாக்கில் தாக்குதல் தெரிகிறது. தரவு போனதா, இல்லையா?

கேள்வி: எங்களுடையது சிறிய ஆன்லைன் கடை. உபுண்டு சர்வரில் அப்பாச்சி, பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் ஓடுகின்றன. தளம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று நேற்று அக்செஸ் லாக்கை (தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவு) திறந்தேன். ‘%27’, ‘யூனியன் செலக்ட்’, ‘ஸ்லீப்(5)’ என்று நூற்றுக்கணக்கான வரிகள். வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போயிருக்குமா? சர்வரை அழித்துவிட்டுப் பழைய பேக்கப்பைப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த சர்வரில்தான் இருக்கிறது. அதோடு, ஓட்டை இருப்பது உங்கள் பி.எச்.பி. நிரலில். பழைய பேக்கப்பைப் போட்டால் அதே ஓட்டையும் சேர்ந்தே திரும்பி வரும்.

இன்றே டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் (இப்போதுள்ள நிலையின் முழு நகல்) எடுங்கள். லாக் கோப்புகள் முழுவதையும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 செக்சம் (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்து வையுங்கள். உபுண்டுவில் அப்பாச்சி லாக் வழக்கமாக 14 நாட்களுக்குத்தான் இருக்கும். அதற்குப் பழையது தானாக அழிந்துவிடும். நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு நாளும் பின்னாலிருந்து ஒரு நாளின் லாக் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, லாக்குக்கு வருவோம். ‘%27’ என்பது ஒற்றை மேற்கோள் குறி. தேடும் பெட்டியிலோ முகவரியிலோ அதைச் செருகி, உங்கள் எஸ்க்யூஎல் வாக்கியத்தை, அதாவது நிரல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையை, உடைக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இதற்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். இணையத்தில் திறந்திருக்கும் எல்லா சர்வருக்கும் இப்படித் தானியங்கிக் கருவிகள் தினமும் வந்து தட்டிப் பார்க்கும். தட்டியதற்குக் கதவு திறந்ததா என்பதுதான் முக்கியம். அதைச் சொல்வது ஒவ்வொரு வரியின் பின்பகுதியில் வரும் இரண்டு எண்கள்: நிலைக் குறியீடும், பதிலின் அளவும்.

ஓர் உதாரணம். பொருள் எண் 42-க்கான பக்கத்தை ‘அண்ட் 1=1’ சேர்த்துக் கேட்டபோது 200, 8431 பைட். அடுத்த நொடியே ‘அண்ட் 1=2’ சேர்த்துக் கேட்டபோது 200, 2210 பைட். 200 என்றால் பக்கம் சரியாக வந்தது என்று பொருள். இரண்டுமே 200தான். ஆனால் நிபந்தனை உண்மையானால் பொருள் தெரிகிறது, பொய்யானால் காணாமல் போகிறது. தாக்குபவர் எழுதியதை உங்கள் தரவுத்தளம் இயக்கிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் அளவு ஒன்றாகவே இருந்தால், இந்த வழியில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை எனலாம்.

‘ஸ்லீப்(5)’ கொஞ்சம் வேறு மாதிரி. தரவுத்தளத்தை ஐந்து நொடி காத்திருக்கச் சொல்லும் கட்டளை அது. பதில் தர எவ்வளவு நேரம் ஆனது என்பது வழக்கமான அப்பாச்சி லாக்கில் பதிவாகாது. ஆனால் ஒரே ஐ.பி.யிலிருந்து வந்த கோரிக்கைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சரியாக ஐந்து ஐந்து நொடி இடைவெளி இருந்தால், தரவுத்தளம் அவர் சொன்னபடி தூங்கி எழுந்திருக்கிறது. தளம் மெதுவானதற்குக்கூட அதுவே காரணமாக இருக்கலாம்.

எவ்வளவு போயிருக்கும் என்பதையும் ஓரளவு கணக்கிடலாம். ஆம்-இல்லை என்று கேட்டுக் கேட்டு எடுக்கும் முறையில் ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சுமார் 7 கோரிக்கைகள் வேண்டும். 300 கோரிக்கைகள்தான் வந்தன என்றால் நாற்பது எழுத்துக்கு மேல் போயிருப்பது கடினம். தரவுத்தளத்தின் பெயரும் ஒன்றிரண்டு டேபிள் பெயர்களும் தெரிந்திருக்கலாம், அவ்வளவுதான். இந்தக் கணக்கு ‘யூனியன் செலக்ட்’டுக்குச் செல்லாது. தாக்குபவர் கேட்கும் தரவை உங்கள் பக்கத்தின் பதிலோடு சேர்த்து அனுப்பச் சொல்லும் கட்டளை அது. வேலை செய்துவிட்டால் ஒரே கோரிக்கையில் முழு டேபிளும் வெளியே போய்விடும். ஆகவே அந்த வரிகளில் வழக்கத்தைவிடப் பெருத்த பதில் ஒன்றாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

லாக் சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. லாகின் படிவம் போன்றவற்றில் போஸ்ட் முறையில் (முகவரியில் தெரியாமல் அனுப்பும் முறை) வரும் உள்ளடக்கம் அக்செஸ் லாக்கில் ஏறுவதே இல்லை. எரர் லாக்கில் எஸ்க்யூஎல் பிழைகள் குவிந்திருக்கின்றனவா பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 என்றால் பைனரி லாக் (தரவுத்தளத்தில் செய்த மாற்றங்களின் பதிவு) இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதில் மாற்றிய, சேர்த்த, அழித்த வேலைகள் மட்டும் இருக்கும், படித்தது இருக்காது. புதிதாக அட்மின் கணக்கு ஏதும் முளைத்திருக்கிறதா, படங்கள் ஏற்றும் ஃபோல்டருக்குள் பி.எச்.பி. கோப்பு ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், நேரம். சர்வர் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) ஓடினால் லாக்கில் 20:40 என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 2:10. இதைக் கவனிக்காமல் தவறான நாளைத் தோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு பழைய லாக் கிடைத்தாலும் கடைசி வரி வரை போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015 அக்டோபரில் இதே வகைத் தாக்குதலில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின. 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் அதில் அடக்கம். அந்நாட்டுத் தகவல் ஆணையர் விசாரித்தபோது, அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் ஏற்கெனவே தாக்குதல் நடந்திருந்தது தெரியவந்தது. ஜூலையிலேயே லாக்கைப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் அத்தனை பேரின் விவரங்களும் தப்பியிருக்கலாம். அபராதம் 4 லட்சம் பவுண்டு.

ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு ஓட்டை உள்ள பக்கத்தை நிறுத்தி வைத்து, வாடிக்கையாளர் தரும் மதிப்பை எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டும் இடங்கள் எல்லாவற்றையும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டாக (கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறை) மாற்றுங்கள். தாக்கிய ஐ.பி.யை மட்டும் தடுப்பதில் பயனில்லை, நாளை வேறொன்றிலிருந்து வருவார்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லையும், டேபிள்களில் வைத்திருக்கும் பேமென்ட் கேட்வே சாவிகளையும் மாற்றிவிடுங்கள்.

இந்தியாவில் நிறுவனமாகத் தொழில் நடத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். நீங்கள் கவனித்தது நேற்று. ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்காமல், இதுவரை தெரிந்ததை வைத்து இப்போதே எழுதி அனுப்புங்கள். மீதி விவரங்களைப் பிறகு சேர்க்கலாம்.