பாய்மரப் படகுப் போட்டியில் பிஎச்.டி.: கடலூர் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"கடல் பிழைப்பு என்னோடு போகட்டும்னுதான் பொண்ணை பி.எஸ்சி. சைக்காலஜி படிக்க வெச்சேன். இப்ப பாய்மரப் படகுப் போட்டிக்காரங்க கண்ணு எங்க பாக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணப் போறாளாம். வெளிநாடு போக 25 லட்சம் கடன் வாங்கச் சொல்றா" என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்: இப்போது வாங்காதீர்கள். ஆனால் அந்தப் படிப்பே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள்.

காற்றுக்கு நேர் எதிரே பாய்மரம் போகாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறக்குறைய 45 டிகிரி விலகி, மாறி மாறித் திருப்பித்தான் முன்னேற வேண்டும். எந்தப் பக்கம், எந்த நொடியில் திருப்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. தொடக்கக் கோட்டை ஒரு நொடி முந்தித் தாண்டினாலும் தப்பு. பிந்தினால் முன்னால் போகும் பாய்கள் கலைத்துவிட்ட காற்றுதான் கிடைக்கும். எச்சரிக்கைக் கொடி ஏறியதிலிருந்து போட்டி தொடங்க வழக்கமாக 5 நிமிடம். அதற்குள் தேர்ந்த ஓட்டி எதைப் பார்க்கிறார்? தன் பாயையா, பக்கத்துப் படகையா, காற்று நெருங்குவதைக் காட்டித் தூரத்தில் தண்ணீர் கறுத்து வருவதையா? புதிதாக வந்தவர் எதைப் பார்க்கத் தவறுகிறார்? உங்கள் மகளின் கேள்வி இதுதான்.

இது அவராகக் கற்பனை செய்த துறையல்ல. ஒரு செயலுக்குச் சற்று முன் தேர்ந்த வீரரின் பார்வை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதை, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 'குவையட் ஐ' (அமைதியான கண்) என்ற பெயரில் ஆராய்ந்தார். பாய்மரப் போட்டியின் தொடக்கத்தை வைத்தே லிஸ்பனில் துவார்த்தே அராவ்ஜோவும் அவரோடு இருந்தவர்களும் முடிவெடுத்தலை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்வை போகும் இடத்தைப் பதிவு செய்யும் ஐ டிராக்கர் கண்ணாடி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. சுள்ளென்ற வெயிலும் உப்புத் தண்ணீரும் அதற்கு ஆகாது. அதனால் பலர் ஆய்வகத்தில் வீடியோவையோ சிமுலேட்டரையோ நாடுகிறார்கள். அங்கே முகத்தில் காற்று அடிக்காதே, அது எப்படிக் கடலாகும் என்று வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், கட்டாயம் கேட்பார்கள். அதைவிடப் பெரிய தலைவலி, அந்தக் கண்ணாடியை யார் போட்டுக்கொள்வது? டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் பங்கேற்ற சென்னையின் நேத்ரா குமணன், ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் என்று நம்மிடம் நல்ல பெயர்கள் உண்டு. ஆனால் அந்த உயரத்தில் இருப்பவர்கள் இந்தியாவில் மிகச் சிலர். அவர்களை நம்பி மட்டும் ஒரு தீசிஸைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதுகலை ஆய்வை மகள் நம் துறைமுகத்திலேயே செய்யட்டும். முகத்துவாரத்தில் அலை உடைந்து எழும்போது ஃபைபர் படகை நிறுத்துவதா, விடுவதா என்று ஒவ்வொரு விடியலிலும் முடிவெடுக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். 30 வருடம் ஓட்டியவரும் உண்டு, போன மாதம் சுக்கான் பிடித்த பையனும் உண்டு. கரையிலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டி, சரியான கணத்தில் நிறுத்தி, "இப்ப விடுவீங்களா?" என்று கேட்டாலே முதல் ஆய்வுக்குப் போதும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. லண்டன் மாணவருக்கு இப்படி ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் உங்கள் மகளுக்குக் கிடைப்பார்கள்.

இதற்கு காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல் பொருந்தும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். சேர்க்கை, முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான சியுஇடி-பிஜி வழியாக. அறிவாற்றல் அறிவியலே (காக்னிடிவ் சயின்ஸ்) வேண்டுமென்றால் காந்திநகர் ஐஐடி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலும் கொஞ்சம் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றே ஆக வேண்டும். சைக்காலஜி மாணவர்கள் பலர் இதில்தான் நழுவுகிறார்கள்.

பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். வெளிநாடு என்றாலும் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் அவர்களே தருகிற பிஎச்.டி. இடமாக இருக்க வேண்டும். கைப்பணம் கட்டிச் சேரும் இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'பாய்மரப் பார்வை ஆய்வாளர்' என்று விளம்பரம் வரும் எனக் காத்திருக்க முடியாது. ஆனால் கண் அசைவைப் பதிந்து அலசத் தெரிந்தவருக்கு, ஓட்டுநர் கவனத்தை ஆராயும் வாகன நிறுவனங்கள், செயலி வடிவமைப்பு, விமானிகளின் முடிவெடுத்தல், விளையாட்டு அறிவியல் மையங்கள், கல்லூரி ஆசிரியர் பணி எனப் பல கதவுகள் உண்டு. மெதுவாகத் திறக்கும் கதவுகள்தான். 30 வயது வரை பொறுக்க வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சை வீட்டில் இப்போதே எடுக்காதீர்கள்.

சியுஇடி-பிஜி வழக்கமாக மார்ச் வாக்கில் வரும். விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிடும். அதற்குள் மகளைத் தன் ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் படித்துவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள். முகத்துவாரத்தைப் பற்றி அவர் எழுதியதில் தவறு இருந்தால் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.