வெய்க் ஆன் ஸே செஸ்: கேள்வியும் பதிலும்

நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூரான வெய்க் ஆன் ஸேயில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் டாடா ஸ்டீல் செஸ் போட்டியைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

சார், டாடா நம்ம ஊர்க் கம்பெனி. அங்கே போய் ஏன் செஸ் நடத்துகிறார்கள்?

அவர்கள் தொடங்கிய போட்டியல்ல, வாங்கிய ஆலையோடு கைக்கு வந்தது. 1938-இல் ஹோகோவன்ஸ் இரும்பாலையின் ஆதரவில், பக்கத்து ஊரான பெவர்வெய்க்கில் உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஆரம்பித்தது. 1968-இல் வெய்க் ஆன் ஸேக்கு இடம் மாறியது. ஆலை பிரிட்டிஷ் ஸ்டீலோடு இணைந்து கோரஸ் ஆனபோது போட்டிக்கும் அந்தப் பெயரே வந்தது. 2007-இல் டாடா கோரஸை வாங்கியது. போட்டியின் பெயர் 2011-இல்தான் மாறியது.

பட்டாணி சூப் என்று ஏதோ சொல்கிறார்களே?

1946-இல் வெளிநாட்டுக்காரர்களை முதன்முதலாக அழைத்தார்கள். போர் முடிந்த கையோடு சாப்பாட்டுத் தட்டுப்பாடு. நிறைவு விருந்தில் பட்டாணி சூப் ஊற்றினார்கள். பஞ்சம் போனது, சூப் போகவில்லை.

இங்கே ஆடியதில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமானால்?

1999, ரஷ்யாவின் காஸ்பரோவ் - பல்கேரியாவின் டோபலோவ். 24-ஆவது நகர்த்தலில் காஸ்பரோவ் யானையைக் கொடுக்கிறார். அந்த யானையைத் தொடாமல் விட்டிருந்தால் டோபலோவுக்குப் பெரிய ஆபத்தில்லை. அவர் எடுத்தார். அப்புறம் கறுப்பு ராஜா பலகையைக் குறுக்கே கடந்து, வெள்ளையின் முதல் வரிசை வரை ஓட வேண்டியதாயிற்று. கணினி எத்தனை ஓட்டை காட்டினாலும் என் மதிப்பில் அது குறையாது. இரண்டாவதுக்கும் இடம் உண்டென்றால், 2013-இல் ஆனந்த் கறுப்புக் காய்களோடு ஆர்மீனியாவின் அரோனியனை வென்ற ஆட்டம்.

ஆனந்த் எத்தனை முறை ஜெயித்தார்? கார்ல்சன்?

ஆனந்த் ஐந்து: 1989, 1998, 2003, 2004, 2006. இதில் 2003-உம் 2004-உம் தனித்த வெற்றி, மற்றவை பகிர்ந்தவை. 2003-இல் அரைப் புள்ளி பின்னால் இரண்டாவதாக வந்தவர் யூதித் போல்கர். நார்வேயின் கார்ல்சன் எட்டு முறை, அதுதான் சாதனை.

என் மகள் இப்போதுதான் போட்டிகளுக்குப் போகிறாள். இந்த மாதிரி இடமெல்லாம் நமக்கு எட்டுமா?

மற்ற உயர்நிலைப் போட்டிகளைவிட இதை நான் உயர்த்திப் பேசுவதே இதனால்தான் அம்மா. உலக சாம்பியன் ஆடும் அதே மண்டபத்தில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களும் ஆடுகிறார்கள். கிராண்ட்மாஸ்டர்களுக்கும் ஏணி உண்டு: கீழ்ப் பிரிவை வென்றால் அடுத்த ஆண்டு மேலே உள்ள பிரிவில் இடம். கார்ல்சன் 2004-இல், 13 வயதில், அப்போதைய மூன்றாம் நிலையான சி பிரிவை வென்றார். 2006-இல் இரண்டாம் நிலையான பி பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்தார். 2007-இல் மேல் பிரிவில் கடைசி இடம், ஷிரோவோடு சேர்ந்து! அடுத்த ஆண்டே அதே பிரிவில் அரோனியனோடு முதலிடம். நம் கிராண்ட்மாஸ்டர் பாஸ்கரன் அதிபனும் அப்படித்தான்: 2016-இல் சேலஞ்சர்ஸ் பிரிவை (பழைய பி பிரிவு) வென்று மேலே ஏறினார், 2017-இல் மேல் பிரிவான மாஸ்டர்ஸில் அரோனியன், சீனாவின் வெய் யீ ஆகியோரோடு மூன்றாமிடம். அழைப்புக் கடிதம் மட்டும் நம்பியிருக்கும் போட்டி என்றால் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா?

2025-இல் குகேஷ், பிரக்ஞானந்தா இருவருமே கடைசிச் சுற்றில் தோற்றார்களாமே, உண்மையா அண்ணா?

உண்மைதான் தம்பி. குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடமும், பிரக் ஜெர்மனியின் கெய்மரிடமும் தோற்றார்கள். இருவரும் 13 சுற்றில் 8.5 புள்ளியோடு முதலிடத்தில் சமன், ஆகவே டை-பிரேக், அதாவது வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டங்கள். முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்குக்கு, முடிவு செய்யும் மூன்றாவதும் பிரக்குக்கு. குகேஷுக்கு அது தொடர்ந்து இரண்டாவது அடி. 2024-இலும் டை-பிரேக் வரை வந்து, இறுதியில் வெய் யீயிடம் கோப்பையை விட்டிருந்தார்.