பழைய டிராக்டர்: நிறத்தைப் பார்ப்பதா, இணைப்பைப் பார்ப்பதா?

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிச் சீர்செய்து, சிறிய நிலத்தில் உழவுக்கும் பயன்படுத்த எண்ணுகிறேன். ஃபோர்டு 8என், ஃபார்மால் எச், ஜான் டீர் பி ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: ஜான் டீர் பி மாடலின் பிந்தைய வடிவத்தைக் கணக்கில் கொண்டால், இம்மூன்றின் குதிரைத்திறனிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே கலப்பை எவ்வாறு பூட்டப்படுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் வகுத்த, கலப்பையை டிராக்டரின் பின்புறம் மூன்று இடங்களில் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பு, 1938இல் அவரும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே, 1939இல் ஃபோர்டு 9என் மாடலில் இடம்பெற்றது. கலப்பை இறுகிய மண்ணில் சிக்கும்போது ஹைட்ராலிக் அமைப்பு அதைச் சற்றே தூக்கி, அதன் சுமையைப் பின்சக்கரங்களுக்கு மாற்றுவதால், எடை குறைந்த டிராக்டரும் வழுக்காமல் உழுகிறது. 1947இல் வந்த 8என் இந்த வசதியைத் தக்கவைத்துக்கொண்டதோடு மூன்று கியர்களை நான்காக்கியது. உடன்பாடு முறிந்தபின் ஃபோர்டு நிறுவனத்தின் மீது ஃபெர்குசன் தொடுத்த வழக்கு, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது என்பதிலிருந்தே அந்த இணைப்பின் மதிப்பை உணரலாம்.

ஃபார்மால் எச் வரிசைப் பயிர்களுக்கிடையே களையெடுக்கப் பிறந்தது. உயர்ந்த அடிப்பகுதியும் நெருங்கிய முன்சக்கரங்களும் அதற்காகவே அமைந்தன. ஆனால், மூன்று புள்ளி இணைப்பு அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படவில்லை. சரிவான நிலத்தில் அது கவிழும் அபாயமும் கூடுதல். ஜான் டீரின் கிடைநிலை இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் எளிமையானது, பழுதுபார்க்கப் பழகுவோருக்கு நல்ல ஆசான். எனினும், உழவே முதல் தேவை என்றால் என் பரிந்துரை 8என்தான்.

கேள்வி: விற்பவர் கூறும் குதிரைத்திறனை நம்பலாமா?

பதில்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டத்தின்படி, 1920 முதல் அங்கு டிராக்டர்கள் நடுநிலையாகச் சோதிக்கப்பட்டன. அந்த அறிக்கைகளில் பெல்ட் வழியே பிற இயந்திரங்களை ஓட்டக் கிடைக்கும் திறனும், கருவிகளை இழுக்கும் இழுவைத் திறனும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். உழவுக்கு இரண்டாவதையே பாருங்கள்.

கேள்வி: என் 8என் டிராக்டரில் புல்வெட்டியை இணைத்து ஓட்டுகிறேன். கிளட்சை மிதித்த பிறகும் வண்டி முன்னே நகர்கிறதே, ஏன்?

பதில்: அதில் பி.டி.ஓ. தண்டுக்கும் (எஞ்சின் விசையைப் புல்வெட்டி போன்ற கருவிகளுக்குக் கடத்தும் தண்டு) சக்கரங்களுக்கும் ஒரே கிளட்ச். கிளட்சை மிதித்ததும் எஞ்சின் விலகிக்கொள்கிறது. ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கனமான வெட்டுத்தகடு, தண்டின் வழியாக கியர்பெட்டியைத் திருப்பிச் சக்கரங்களை உருட்டுகிறது. வேலிக்கோ மனிதருக்கோ அருகில் இது உயிராபத்தாகும். ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் இணைப்பி ஒன்றைத் தண்டில் பொருத்தினால் இந்தத் தள்ளல் நின்றுவிடும். அதைப் பொருத்தும் வரை புல்வெட்டியை இயக்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.