மெம்பர்ஷிப் கார்டு எடுத்தா மளிகை செலவு குறையுமா?

கேள்வி: வீட்டுல நாலு பேர், ரெண்டு பேர் சம்பாதிக்கிறோம். மளிகை, சோப்பு, கரண்டுன்னு செலவு கைய மீறி போகுது. ஆஃபர் பாத்துதான் வாங்குறேன், பெரிய பாக்கெட்டாதான் வாங்குறேன், அப்படியும் மாசக் கடைசியில ஒண்ணும் மிஞ்சல. தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு மெம்பர்ஷிப் கார்டு பத்தி சொல்றார், வருஷத்துக்கு ஒரு தடவ பணம் கட்டணும், எல்லா சாமானும் 20% தள்ளுபடியாம், மாசா மாசம் குறைஞ்சது இவ்ளோவுக்கு வாங்கணுமாம். சேரலாமா? அவரே கரண்டு பில்ல பாதியாக்குற ஒரு பெட்டியும் வாங்கிக்க சொல்றார்.

பதில்: சேராதீங்க. பெட்டியும் வேணாம், அதுக்கு கடைசியில வர்றேன்.

முதல்ல அவர்கிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, நான் சேந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்னு. மழுப்புனார்னா அதுலயே பதில் இருக்கு. கமிஷன் உண்டுன்னு ஒத்துக்கிட்டார்னா அந்த கமிஷன் வானத்துல இருந்து வரல, நீங்க வாங்கப்போற சோப்பு தூள் விலைக்குள்ளதான் இருக்கு, அவருக்கு மேல இருக்கிறவருக்கும் அதுக்கு மேல இருக்கிறவருக்கும் சேத்துதான் நீங்க காசு குடுக்குறீங்க, அப்புறம் எப்படி அது கடைய விட மலிவா இருக்கும்?

அடுத்தது, 20% தள்ளுபடின்னா எந்த விலையில இருந்து? அவங்களே அச்சடிச்ச விலையில இருந்துன்னா எவ்ளோ வேணாலும் தள்ளலாம். 100க்கு விக்க வேண்டியத 130னு போட்டு 20% குறைச்சா 104, நீங்க வழக்கமா வாங்குற இடத்த விட 4 அதிகம், ஆனா பில்லுல "நீங்கள் சேமித்தது 26"னு கொட்டை எழுத்துல இருக்கும். அந்த வரிய நான் பாக்குறதே இல்ல, நீங்களும் பாக்காதீங்க. கையில இருந்து போனது எவ்ளோ, அது ஒண்ணுதான் கணக்கு.

கார்டு காசு திரும்பி வருமான்னு பாக்குறதும் சுலபம்தான். கட்டணம் 1000, நெசமாவே குறையுறது 5% மட்டும்தான்னு வச்சுக்கோங்க, அப்ப 20,000க்கு வாங்கினாதான் கட்டின 1000மே திரும்பும், அதுக்கு மேல வாங்குறதுல இருந்துதான் லாபமே ஆரம்பிக்குது. இதுல மாசம் இவ்ளோவுக்கு வாங்கியே ஆகணும்னு கட்டாயம் வேற. செலவ குறைக்கணும்னு வந்தவங்கள, குறைஞ்சது இவ்ளோ செலவு பண்ணுனு கட்டிப்போடுற ஒரு திட்டத்துக்கு சேமிப்பு திட்டம்னு பேரு வைக்கிற தைரியத்த பாராட்டத்தான் வேணும்!

"நீங்களும் ரெண்டு பேர சேத்துவிட்டா உங்களுக்கும் வரும்"னு அடுத்து சொல்வார் பாருங்க. ஒவ்வொருத்தரும் ரெண்டு பேர சேத்தா பத்தாவது படியில 1,024 பேர், இருபதாவது படியில பத்து லட்சத்துக்கு மேல, முப்பத்து மூணாவது படியில 850 கோடிய தாண்டும், உலகத்துல அவ்ளோ ஜனமே கிடையாது. கடைசி படியில நிக்கிறவங்க காசுதான் மேல போகுது, பெரும்பாலான ஆளுங்க கடைசி படியிலதான் நிப்பாங்க. இந்த கணக்கு பள்ளிக்கூட பாடத்துலயே இருக்கு, ஆனா வருஷா வருஷம் பேர மாத்தி பெட்டிய மாத்தி திரும்ப வருது, தடுக்க வேண்டியவங்க நாலாயிரம் பேர் ஏமாந்து வாசல்ல வந்து நின்ன பிறகுதான் ஃபைல தூசி தட்டுறாங்க. ஏற்கனவே பணம் கட்டிட்டீங்கன்னா உடனே எழுத்துல திருப்பி கேளுங்க, வாய்ப் பேச்சு வேணாம். வரலன்னாலும் "கட்டியாச்சே, அத எடுக்கணுமே"ன்னு மாசா மாசம் வாங்கிட்டே இருக்காதீங்க, அப்படித்தான் கட்டணத்த விட பத்து மடங்கு போகும்.

இப்ப உங்க ஆஃபர் விஷயம். "50% கூடுதல் இலவசம்"னா பாதி விலைன்னு மனசுல பதியுது, ஆனா 100 கிராம் விலைக்கு 150 கிராம் குடுத்தா கிராமுக்கு குறையுறது 33%தான். "30% தள்ளுபடி, மேல 20%"னா 50 இல்ல, 100 எழுபதாகி எழுபது அம்பத்தாறாகும், மொத்தம் 44%. "ரெண்டாவது பாதி விலைக்கு"ன்னா 25%, அதுவும் உங்களுக்கு ரெண்டு தேவைப்பட்டாதான், ஒண்ணு போதும்னா அது தள்ளுபடியே இல்ல, கூடுதல் செலவு. போனுல கால்குலேட்டர் இருக்கு, கடையில நின்னு தட்டிப் பாக்க வெக்கப்படாதீங்க.

தட்ட வேண்டியது ஒரே கணக்குதான், விலைய எடையால வகுக்கிறது. 100 கிராமுக்கு எவ்ளோ, 100 மில்லிக்கு எவ்ளோ, முடிஞ்சுது. பெரிய பாக்கெட்டுதான் மலிவுன்னு நாம நம்புறது கடைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும், அதனால நடுத்தர சைஸ் பெருச விட மலிவா இருக்கிறது அடிக்கடி நடக்கும். எண்ணெயில தனியா ஒரு பொறி இருக்கு. ஒரு பாட்டில்ல 1 லிட்டர்னு இருக்கும், பக்கத்து பாட்டில்ல 1 கிலோன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு விலை குறைஞ்சத எடுப்போம். சமையல் எண்ணெய் தண்ணிய விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் வரும், 90 கிராம் அங்கயே போச்சு. எண்ணெய்னு இல்ல, எந்த பொருள்லயும் இன்னொரு பொறி உண்டு, அதே விலை, அதே டப்பா, உள்ள மட்டும் ஒரு கிலோ 900 கிராமா ஆகியிருக்கும், விலைய ஏத்தவே இல்லன்னு சொல்லிக்கலாம், ஆனா கிலோவுக்கு 11% ஏறிடுச்சு. அலகு விலைய, அதாவது 100 கிராமுக்கு இவ்ளோங்கிற கணக்க, எப்படி எழுதணும்னு 2018லயே ஐஎஸ்ஓ 21041னு சர்வதேச வழிகாட்டுதலே வந்திருக்கு. இருந்தும் பல இடத்துல அந்த அலகு விலைய பூதக்கண்ணாடி வச்சுதான் தேடணும், தள்ளுபடி போர்டு மட்டும் ரோட்டுல இருந்தே தெரியுது. ஏன்னு நான் சொல்லணுமா?

பெருசா வாங்குறதே தப்பான்னு கேப்பீங்க. இல்ல, ஒரு இடத்துல அது சரி, அத கொஞ்சம் விலாவாரியா சொல்லியாகணும், ஏன்னா அரைகுறையா புரிஞ்சுகிட்டு மறுபடி மூட்டை மூட்டையா வாங்க ஆரம்பிச்சுடுவீங்க. கெடாத பொருள், வீட்டுல இருக்குன்னு அதிகமா தீராத பொருள், இந்த ரெண்டும் சேந்த பொருளுக்கு மட்டும் மொத்தமா வாங்குறது லாபம். துணி சோப்பு தூள், குப்பை பை, பல்பு, டூத்பேஸ்ட் மாதிரி. நொறுக்குத்தீனி சீக்கிரம் கெடாது, ஆனா வீட்டுல இருந்தா தீரும், அதனால அது சேராது. சோப்பு தூள்லயும் ஈரம் போனா கட்டி தட்டும், காத்து போகாத டப்பா வேணும். பாத்திரம் கழுவுற லிக்விட் அஞ்சு லிட்டர் கேன் வாங்கினா கை தாராளமா ஊத்தும், சின்ன பாட்டில்ல மாத்தி வச்சுதான் எடுக்கணும், இல்லன்னா மலிவா வாங்கினது வேகமா தீந்து அதே செலவுலதான் வந்து நிக்கும். பிளீச்சிங் திரவத்த மட்டும் மொத்தமா வாங்காதீங்க, அது நாளாக ஆக வீரியம் கொறையுற சரக்கு, அதுவும் வெயில் படுற இடத்துல வச்சா கேக்கவே வேணாம். அப்புறம் வைக்க இடம் இருக்கணும், கையில இருக்கிற காசுல வாங்கணும், கிரெடிட் கார்டுல கடன் வச்சு வட்டி கட்டி மொத்தமா வாங்கினா மிச்சம் பூரா பேங்குக்குதான். இவ்ளோவும் சரியா இருந்து 100 கிராம் விலையும் நெசமா குறைஞ்சா வாங்குங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு மேல மட்டும் வேணாம்.

துணி துவைக்கிறதுல இன்னொன்னு, சோப்பு லிக்விட் மூடி நெறைய ஊத்துறது ஒரு அளவு இல்ல. மூடிக்குள்ள ஒரு கோடு இருக்கும், பெரும்பாலும் அது பாதிக்கும் கீழ இருக்கும். அந்த கோடு கண்ணுக்கு தெரியாத மாதிரி அதே கலர்ல போட்டிருப்பாங்க, தற்செயல்னு நீங்க வேணா நம்பிக்கோங்க.

உங்க கடிதத்துல நீங்க எழுதாத ஒண்ணுதான் எனக்கு முக்கியமா படுது, எவ்ளோ தூக்கி போடுறீங்க? ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024ல போட்ட கணக்குப்படி 2022ல உலகம் பூரா வீணான உணவு 105 கோடி டன், அதுல 60% வீடுகள்லதான், சராசரியா ஆளுக்கு வருஷம் 79 கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு பெருக்கிப் பாத்தா 300 கிலோவ தாண்டுது. உங்க வீட்டுல அதுல பாதின்னே வைங்க, அத மிச்சம் பண்ணினா எந்த கார்டும் குடுக்காத தள்ளுபடி. காய்கறி, பால், பழம் இதெல்லாம் மலிவா கிடைக்குதுன்னு ஒரு வாரத்துக்கு மேல வாங்காதீங்க. ஒரு மாசம் குப்பைக்கு போற ஒவ்வொண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க, யாரையும் திட்ட வேணாம், எழுதுனா போதும், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும், அத பாதியா வாங்குங்க.

தேதியையும் பாத்து தூக்கி போடுங்க, எல்லா தேதியும் ஒண்ணு இல்ல. "இந்த தேதிக்குள் பயன்படுத்தவும்"னு இருந்தா அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தாண்டுனா சாப்பிடாதீங்க. "இந்த தேதி வரை சிறந்தது"ன்னு இருந்தா அது ருசி, தரம் சம்பந்தப்பட்டது, பாக்கெட்டு பிரிக்காம சரியா வச்சிருந்தா மறுநாளே விஷமாகிடாது. ஃபிரிட்ஜ் உள்ள 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்கணும். கதவுலதான் சூடு கூடக்குறைய ஆகும், ஆனா பால் பாட்டிலுக்குன்னு இடத்த அங்கதான் பண்ணி வச்சிருக்கான், பால உள் தட்டுல வைங்க.

கடைக்கு லிஸ்ட் இல்லாம போகாதீங்கன்னு எல்லாரும் சொல்றதுதான், நான் கூட ஒண்ணு சேக்கிறேன், கொஞ்ச சாமானுக்கு தள்ளுவண்டி எடுக்காதீங்க, கைக்கூடை எடுங்க. 1937ல அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டியில சில்வன் கோல்ட்மேன்ங்கிற கடைக்காரர் அந்த வண்டிய கொண்டு வந்ததே, கூடை கனத்ததும் ஜனங்க வாங்குறத நிறுத்திடுறாங்கன்னு பாத்துதான். கை வலிக்கட்டும், அது நல்லதுதான்.

வீட்டு சாமான தவணையில வாங்குறதுக்கு ரெண்டு வரி. "12% வட்டிதான்"னு சொல்லி முழு கடனுக்கும் வருஷம் பூரா அதே வட்டிய போட்டா, நீங்க மாசா மாசம் அசல திருப்பிக்கிட்டே இருக்கிறதால நெசமான வட்டி 21 சதவீதத்த தாண்டும். வட்டியே இல்லன்னு சொன்னா மொத்த காசும் இப்பவே குடுத்தா எவ்ளோன்னு கேளுங்க, பிராசஸிங் கட்டணம் எவ்ளோன்னும் கேளுங்க, வட்டி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுடும்.

இப்ப அந்த பெட்டி. பிளக்குல சொருகுனா பில் பாதியாகும்னு விக்கிறது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை லைட்டும்தான். அது பவர் ஃபேக்டர்னு ஒரு சமாச்சாரத்த, அதாவது இழுக்குற கரண்டுல எவ்ளோ நெசமா வேலைக்கு போகுதுங்கிற அளவ, கொஞ்சம் சரி பண்ணலாம், பெரிய ஃபேக்டரிக்கு அதுக்கு தனியா காசு போடுவாங்க, அங்க உபயோகம் உண்டு. சாதாரணமா வீட்டு மீட்டர் எண்ணுறது யூனிட்ட மட்டும், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட், அத அந்த பெட்டியால குறைக்க முடியாது. பச்சை லைட்டு எரியுற கரண்டும் உங்க பில்லுலதான் ஏறும். கரண்டு குறையணும்னா சூடு பண்ற பொருள பாருங்க, 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரத்துல ஒரு யூனிட் தின்னும், 9 வாட் எல்இடி பல்பு அதே ஒரு யூனிட்டுக்கு 111 மணி நேரம் எரியும். பல்ப அணைன்னு புள்ளைங்கள விரட்டிக்கிட்டே ஹீட்டர மறந்துட்டு போற வீடுதான் அதிகம். வாஷிங் மெஷின்லயும் சுடுதண்ணில போட்டா தண்ணிய சூடு பண்றதுக்குதான் பெரும்பங்கு கரண்டு, அழுக்கு அதிகம் இல்லன்னா பச்சத்தண்ணில போடுங்க.

நான் சொல்லியும் அவர் டெமோ காட்ட வீட்டுக்கு வருவார். ஒயர்ல மாட்டுற ஒரு மீட்டர் கொண்டு வந்து, மோட்டார் உள்ள எதையாவது ஓட விட்டு, பெட்டிய சொருகினதும் ஆம்பியர், அதாவது ஒயர்ல ஓடுற கரண்டோட அளவு, இறங்குறத காட்டுவார். அது இறங்கும், பொய் இல்ல, ஆனா ஆம்பியருக்கு உங்களுக்கு பில் வர்றதில்ல. வாசல்ல இருக்கிற மீட்டர்ல காட்ட சொல்லுங்க, அதே சாமான அதே ஒரு மணி நேரம் பெட்டி இல்லாம ஒரு தடவ, பெட்டியோட ஒரு தடவ ஓட்டி யூனிட்ட எழுதுங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்க அவருக்கு பொறுமை இருக்காது, ரசீதுல "பில் குறையலன்னா பணம் வாபஸ்"னு கையெழுத்து போட்டு தாங்கன்னு கேட்டா அதுக்கும் இருக்காது.