தெலுக் பஹாங் அணைப் பள்ளத்தாக்கில் பகல் காற்றை எப்படி ஆராய்வது?

கேள்வி: இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கம் வீசும் 'ஓரா' காற்றை ஆராய்ந்தது போல, பினாங்கு தெலுக் பஹாங் அணைப் பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யலாமா? ஒரு அனிமோமீட்டர் (காற்றின் வேகமும் திசையும் அளக்கும் கருவி) போதுமா?

செய்யலாம், ஆனால் ஒன்று போதாது. பிற்பகலில் வடக்கிலிருந்து காற்று வருகிறது என்பது வரை அது காட்டும். கடற்காற்றா, பள்ளத்தாக்கு ஏறும் காற்றா, அணைநீர் கிளப்பியதா என்று பிரித்துக் காட்டாது. பள்ளத்தாக்கு கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால் கடற்காற்றும் பள்ளத்தாக்குக் காற்றும் ஒரே பக்கம்தான் வரும்.

ஓரா, ஏரியின் வடகரையில் நண்பகல் வாக்கில் கிளம்பி, சார்கா பள்ளத்தாக்கில் ஏறி, ஒரு கணவாயைத் தாண்டி, திரெந்தோ நகருக்கு வடக்கே அடிஜே பள்ளத்தாக்கில் இறங்குகிறது. திரெந்தோ பல்கலைக்கழகத்தார் மோட்டார் கிளைடரில் சென்சார் பொருத்திப் பறந்து அங்குள்ள வெப்பநிலையை உயரவாரியாக அளந்தார்கள். கார்டா சுமார் 370 சதுர கிலோமீட்டர். அதற்கு முன் நம் அணை ஒரு குட்டை. இங்கே ஏரியின் வேலையைக் கடல்தான் செய்கிறது என்று வைத்துத் திட்டம் போடுங்கள்.

மூன்று நிலையங்கள் வேண்டும்: கடற்கரை, அணைக்குக் கீழே திறந்த வெளி, நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே பள்ளத்தாக்கின் உள்பகுதி. அணைக்கரையின் உச்சியில் வைக்க வேண்டாம், அங்கே காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடிவிடும். கடற்காற்றின் முன் விளிம்பு, அதாவது முகப்பு, வரும்போது திசை சட்டென்று மாறும், ஈரப்பதம் ஏறும், வெப்பநிலை ஏறாமல் நிற்கும் அல்லது இறங்கும். இது கடற்கரையிலிருந்து வரிசையாக உள்ளே போனால் கடற்காற்று. முகப்பு வந்து சேருமுன்பே உள் நிலையத்தில் மேலேறும் காற்று தொடங்கியிருந்தால் அது பள்ளத்தாக்கின் சொந்தக் காற்று. விநாடிக்கு 3 மீட்டரில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஐந்தரை நிமிடம்தான். ஆகவே 10 நிமிடச் சராசரி எடுத்தால் வரிசை மறைந்துவிடும். 1 நிமிடப் பதிவு வையுங்கள், எல்லா டேட்டா லாக்கரின் (அளவுகளைப் பதிந்துவைக்கும் கருவி) கடிகாரத்தையும் ஒரே கைப்பேசி நேரத்துக்கு ஒத்துவையுங்கள். திசையை வெக்டராக, அதாவது கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குக் கூறுகளாகப் பிரித்து, சராசரி செய்யுங்கள். 350 பாகையையும் 10 பாகையையும் சும்மா கூட்டி வகுத்தால் 180 வரும், வடகாற்று தென்காற்றாகிவிடும்.

பலர் கோட்டை விடுவது, பள்ளத்தாக்குக் காற்றை இழுக்கும் காற்றழுத்த வித்தியாசத்தை அளப்பதில். 500 மீட்டர் ஆழக் காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் அடியில் அழுத்தம் சுமார் 0.2 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) தான் குறையும். நிலைய உயரத்தில் 1 மீட்டர் பிசகினாலே 0.11 போய்விடும். வெப்பமண்டலத்தில் வளிமண்டல ஓதமும் (காற்றழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்குவது) காலை சுமார் பதினொன்றரையிலிருந்து மாலை ஐந்தரைக்குள் அழுத்தத்தை ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இறக்கும். ஆகவே தனி நிலையத்தின் எண்ணைப் பார்க்காமல் இரு நிலையங்களின் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். வெளியே கொண்டுபோகுமுன் எல்லா பேரோமீட்டரையும் ஒரே மேசையில் ஒரு நாள் ஓடவிட்டு, வேறுபாட்டைக் குறித்துவைத்துப் பின்னர் கழித்துவிடுங்கள்.

வெப்பநிலை சென்சாருக்கு விசிறி வைத்த கவசம் நல்லது. காற்றில்லாத வெயிலில் சாதாரணக் கவசம் ஒரு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டும், நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். மரத்தடியில் வைத்தால் காட்டின் நிழலைத்தான் அளப்பீர்கள். வயரைக் குழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் குரங்கு விடாது.

நேரத்தை உள்ளூர்ச் சூரிய நேரத்துக்கு மாற்றுங்கள். பினாங்கில் பிப்ரவரி நடுவில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 1:33 வாக்கில். இத்தாலிய நேரங்களோடு அப்படியே ஒப்பிட்டால் எல்லாம் தாமதமாகத் தெரியும்.

மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி வசதி. சூரியக் கதிர்வீச்சு வரைபடக் கோடு மேகத்தால் வெட்டுப்படாமல், முந்தைய இரவு மழையில்லாமல், 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் (சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம்) காற்று மெதுவாக இருக்கும் நாட்களை மட்டும் எடுங்கள். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸின் வானிலை பலூன் பதிவு காலை 8 மணிக்குக் கிடைக்கும். அடுத்தது இரவு 8 மணிக்கு, பிற்பகலுக்கு உதவாது. அணைப் பகுதிக்குள் போக நீர் வாரியத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதைக் கருவி வாங்குமுன்பே கேட்டுவிடுங்கள்.